உலைக்கு ஊதும் வண்டி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எழுபதுகளின் தொடக்கம்வரை யாரும் கடிகாரம் பார்த்து உலை வைத்ததில்லை. கடிகாரம் இல்லாத வீடு கிடையாது. ஆனால் கிள்ளான் துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு வண்டி எப்போது கிளம்பும் என்று அங்கே இருப்பவனுக்கே தெரியாது, பிறகு கடிகாரம் என்ன செய்யும்? அதனால் டிரைவர்மார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கேட் இருந்தது. அதைத் தாண்டும்போது சட்டப்படி ஒரு நீள ஊதல் ஊதியாக வேண்டும். அதை ஊதிவிட்டு, சட்டத்தில் இல்லாத ஒன்றையும் கூடவே ஊதுவார்கள். அது வீட்டுக்கு. ரெங்கசாமி என்ற டிரைவர் இரண்டு குட்டை ஊதல் ஊதுவார். அம்புரோஸ் ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஊதல் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு, சத்தத்தின் வாலை இழுத்து இறக்குவான். அதைக் கேட்டதும் அவன் மனைவி ரோசலின் அரிசியைக் களைந்து உலையில் போடுவாள். அவன் இஞ்சினை ஷெட்டில் விட்டு, நடந்து வந்து, குளித்துவிட்டு உட்காரும்போது சோறு பதமாக இருக்கும்.

அந்த ஊதலுக்கு இன்னொரு வீட்டிலும் உலை ஏறும். பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியின் புருஷன் பக்கிரிசாமிதான் அம்புரோஸுக்கு இஞ்சின் தீயைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேன். ஒரே இஞ்சின், ஒரே பொழுது, ஒரே ஊதல். இரண்டு பெண்களும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு அரிசி களைவார்கள். நெத்திலிச் சம்பால் ஒரு வீட்டில் என்றால் கங்கோங் கீரைப் பிரட்டல் மற்ற வீட்டில், கிண்ணம் சுவரைத் தாண்டிப் போய் வரும். ஒருத்தி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள், மற்றவள் ஸ்காட் ரோட்டுக் கோயிலுக்குப் போகிறவள் என்பதெல்லாம் அடுப்படிச் சுவருக்குத் தெரியாது.

அவர்கள் ஓட்டிய இஞ்சின் சாதிக்கு வெள்ளைக்காரன் ஏதோ ஒரு எழுத்தைப் பெயராக வைத்திருந்தான். டிரைவர்கள் அதைக் கிடாரி என்றார்கள். மீட்டர் அகலத் தண்டவாளத்துக்கென்று செய்தது, குட்டை உடம்பு, கிளம்பும்போது ஒரு உதை உதைக்கும். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் முப்பது கிடாரி வந்ததாகச் சொல்வார்கள். சிலதை ஜப்பான்காரன் சயாம் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போனான், போனதில் பாதிதான் திரும்பியது. சண்டை முடிந்ததும் நிலக்கரியை விட்டுவிட்டு எண்ணெய்த் தீயில் எரிய வைத்தார்கள். ஒன்றின் பாய்லர் பழுதானால் இன்னொன்றினுடையதைக் கழற்றி மாட்டுவார்கள், சக்கரத்தையும் அப்படித்தான். இருபது வருஷத்தில் எது எதுவென்று அவற்றைச் செய்தவனே வந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். பக்கவாட்டில் திருகியிருந்த பித்தளை நம்பர் பலகைதான் ஒவ்வொன்றுக்கும் அடையாளம்.

ஊதலை மட்டும் யாரும் மாற்றுவதில்லை, அது பழுதாவதும் இல்லை. பதினாலாம் நம்பரின் ஊதல் எடுத்த எடுப்பில் கரகரக்கும், சளி பிடித்த ஆள் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுவதைப் போல. பிறகுதான் குரல் தெளியும். அம்புரோஸும் பக்கிரிசாமியும் அதில்தான் நெடுநாள் ஓடினார்கள்.

பக்கிரிசாமி செத்ததும் அதில்தான். எண்ணெய்த் தீ இஞ்சினில் ஒரு ஆபத்து உண்டு. ஓடுகிற வரைக்கும் புகைபோக்கி தீயை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். டிரைவர் நீராவியை மூடினால் அந்த இழுப்பு நின்றுவிடும். அதற்கு முன்பே ஃபயர்மேன் ஒரு சின்ன வால்வைத் திறந்து புகைபோக்கிக்கு வேறு இழுப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீ அடுப்பு வாயால் வெளியே பாயும். அதனால் டிரைவர் "மூடுறேன்" என்று குரல் கொடுப்பார். ஃபயர்மேன் "தெறந்தாச்சி" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் மூடுவது. அன்றைக்குக் கேட்டைத் தாண்டி, நிலையத்துக்கு முன்னாலுள்ள சிக்னலண்டை தீ பாய்ந்தது. பக்கிரிசாமி அடுப்பு வாய்க்கு நேரே குனிந்திருந்தான். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் கிடந்து செத்தான்.

வால்வு சிக்கிக்கொண்டது, இஞ்சின்தான் தீயைத் துப்பியது என்று அம்புரோஸ் விசாரணையில் சொன்னான். அதற்குப் பிறகு பதினாலைத் தொட ஷெட்டில் ஆள் இல்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். வேதக்கார டிரைவர்கள் பாதிரியாரை அழைத்துவந்து தீர்த்தம் தெளித்தார்கள். எல்லாம் முடிந்து, அதை ஓட்டுவது யார் என்று கேட்டபோது எல்லாருக்கும் வயிற்றுவலி வந்துவிட்டது.

ஒரு மாதம் போயிற்று. சீதாலெட்சுமி கருமாதி முடிந்து, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேரி தீவுத் தோட்டத்திலிருந்த தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அம்புரோஸ் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினான். வேறு ஏதோ இஞ்சின். கேட்டைத் தாண்டும்போது சட்டத்துக்கான நீள ஊதல் மட்டும் கேட்டது, வீட்டுக்கான வால் கேட்கவில்லை. துக்கம், போகப்போகச் சரியாகிவிடும் என்று ரோசலின் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் செருமல் கேட்டது. கையிலிருந்த சட்டையோடு வேலி ஓரம் ஓடினாள். இஞ்சின் புகையைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அம்புரோஸ் வெளியே பார்க்காமல் நின்றான். பித்தளைப் பலகையில் ஒன்பது என்று இருந்தது.

"இன்னைக்கி எந்த மிஷின்?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"ஒம்போது."

"ஒம்போதா?"

"ஒம்போதுதான். ஏன்?"

"ஊதுனது பதினாலு மாதிரி இருந்திச்சி."

"எல்லாம் ஒரே மாதிரிதான் ஊதும் ரோஸ். கொழம்பு ஊத்து."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இஞ்சின் எல்லாம் ஒரே மாதிரி ஊதும் என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான்.

மறுநாள் பாசாரில் வல்லிபுரத்தைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், ஷெட்டில் ஃபோர்மேன். மீன்கடையில் நின்றுகொண்டு, செவுளைத் தூக்கிப் பார்த்துக் கடைக்காரச் சீனனோடு மலாயில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரோசலின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். ஒம்போதுன்னு ஓடுறது பதினாலுதானே?"

வல்லிபுரம் மீனை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஆர் சொன்னது? அம்புரோஸோ?"

"அவரு சொல்லல. எனக்குக் காது இருக்குங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, டீசல் வருது வருது எண்டு மூண்டு வரியமாச் சொல்லுறாங்கள். வந்தது நாலு. சரக்கு இழுக்க மிச்சம் கிடக்கிறது இந்தக் கிடாரியள்தான். ஒரு நல்ல இஞ்சினைப் பேய் பிடிச்சதெண்டு பூட்டி வைக்க என்னால ஏலுமோ? ஒம்பது உடைக்கப் போட்டிருந்தது. பலகையைக் கழட்டி இதில பூட்டினம். பலகை மாத்தினா எல்லாரும் ஏறுறாங்கள். ஆருக்கு என்ன நட்டம்?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாய்யா?"

"அவருக்கு மட்டுந்தான் தெரியும். முதல்ல ஓட அவரைத்தான் கேட்டனான், மறைக்கக் கூடாதெல்லோ. நான் பயந்து பயந்துதான் கேட்டது. அந்த மனுசன் ஒரு சொல்லு மறுத்துக் கதைக்கேல்ல. 'குடுங்கய்யா, அதுல ஒண்ணுமில்ல' எண்டிட்டு ஏறிப் போட்டார். நல்ல தைரியசாலி."

அவர் மீன்காரனிடம் திரும்பிவிட்டார். ரோசலின் வாங்க வந்த தேங்காயை வாங்காமலே நடந்தாள். அதுல ஒண்ணுமில்ல என்ற பேச்சு அவளோடு கூடவே வந்தது. அம்புரோஸ் தைரியசாலி இல்லை. ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். தன் கண்ணெதிரே ஒருவனைச் சுட்ட இஞ்சினில் அவன் பயமில்லாமல் ஏறுகிறான் என்றால், அது சுடவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் யூனியன் தம்புசாமி வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து, ரோசலின் கொடுத்த பாலில்லாத கோப்பி ஓவைக் குடித்துக்கொண்டே பேசினார்.

"அண்ணே, வொர்க்‌ஷாப்பு ரிப்போட்டு வந்துருச்சி. வால்வுல ஒரு கொறையும் இல்லேங்குறான்."

"அப்புறம்?" என்றான் அம்புரோஸ்.

"அப்புறம் என்னா. மிஷின் மேல இல்லன்னா ஆளு மேலதான். செத்தவன் மேல போட்டா எவன் வந்து கேக்கப் போறான்? ஃபயர்மேன் கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சிருவானுங்க. அப்படி எழுதிட்டா சீதாவுக்கு ஒண்ணுமே கெடைக்காது லா. ஸ்டேசன்ல கூட்டுற வேல கேட்டிருக்கோம், அதுவும் போயிரும். குவாட்டர்ஸும் காலி பண்ணணும்."

"நா சொன்னத எழுதிக்கிட்டானுங்கல்ல."

"நீங்க சிக்கிருச்சின்னு சொன்னீங்க. அவன் சிக்கலன்னு காட்டிட்டான். வெள்ளிக்கெழம திரும்ப ஒக்காருறாங்க. நீங்கதான் இன்னொரு தடவ அடிச்சிச் சொல்லணும். ஒங்கள வுட்டா அவளுக்கு யாரு இருக்கா சொல்லுங்க."

அம்புரோஸ் தலையை ஆட்டினான். தம்புசாமி போகும்போது, அடுத்த மாதம் டீசல் பழக அனுப்பும் ஆட்களில் அவன் பெயரும் இருக்கிறது என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை சீதாலெட்சுமி திரும்பிவந்தாள். தீவிலிருந்து ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள். பாதியைச் சுவரைத் தாண்டி நீட்டினாள். "வெள்ளிக்கெழமயோட நல்லது கெட்டது தெரிஞ்சிரும்கா. அண்ணன் சொல்றதுலதான் இருக்கு" என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

அப்போது கேட்டண்டை ஊதியது. செருமிவிட்டு, பிறகு தெளிந்த நீள ஊதல்.

சீதாலெட்சுமியின் கை அரிசிப் பானையின் மூடிக்குப் போய்விட்டது. மூடியைத் தொட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே நின்றாள்.

"அக்கா. அது பதினாலு."

"ஒம்போது" என்றாள் ரோசலின். "பலகையில போட்டிருக்கு. நா பாத்தேன்."

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. சீதாலெட்சுமி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ" என்று சொல்லி உள்ளே போனாள்.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. அம்புரோஸுக்கு ஓய்வு நாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்காது. ரோசலின் அதற்காகவே காத்திருந்தவள்போல், கிழங்கை உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"வல்லிபுரம் ஐயாவப் பாத்தேன். பலக கத எல்லாம் சொன்னாரு."

அம்புரோஸ் பேப்பரை மடித்தான்.

"அதுல ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமா."

"மிஷின்ல ஒண்ணுமில்லன்னா, பக்கிரியா மறந்தான்?"

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் விழுந்து வழிந்தது. அம்புரோஸ் எழுந்து போய் வாளியை மாற்றிவிட்டு வந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"பக்கிரி மறக்கல. நா சொல்லல."

"என்னா சொல்லல?"

"மூடுறேன்னு சொல்லல."

"ஏன்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியாது.

"கேட்டத் தாண்டி வந்தோம். ஒரு கையி கயித்துல. ஒனக்கு ஊதிக்கிட்டு வரேன். அந்த வாலு இருக்குல்ல, மெதுவா வுடணும், இல்லன்னா நல்லா வராது. அதுலயே இருந்தேன். நிமிந்து பாத்தா சிக்னலு செவப்பு. அடுத்த கையால படக்குன்னு மூடிட்டேன். ஊதல் இன்னும் முடியல. வாயே தொறக்கல நானு. அவன் பாட்டுக்குக் குனிஞ்சி தீயப் பாத்துக்கிட்டிருந்தான். மூடுனது அவனுக்குத் தெரியாது."

கிழங்கும் கத்தியும் அவள் கையிலேயே இருந்தன. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வால் வழக்கத்தைவிட நீளமாக இழுத்தது. மனுஷன் இன்றைக்கு நல்ல பசியில் வருகிறான் என்று சிரித்துக்கொண்டே ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள். அவன்மேல் கோபம் வந்தது, தன்மேலும் வந்தது. கூடவே பயமும் வந்தது. அவன் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மைதான். வீடு இருக்கும், டீசல் இருக்கும், சீதாவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம். இப்படி யோசித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"நாளைக்கி என்னா சொல்லப் போறீங்க?"

"மிஷினுன்னு சொன்னா எல்லாருக்கும் நல்லதுன்னுதான் அன்னைக்கிச் சொன்னேன். அவளுக்கும் கெடைக்கும், நமக்கும் ஒண்ணும் ஆவாது."

"இப்பதான் மிஷின் இல்லன்னு ஆயிருச்சே."

"உள்ளதச் சொன்னா வேல போயிரும் ரோஸ். இந்த வீடு போயிரும். போலீஸ் கேஸுகூட வரும்."

"தெரியும்."

"தெரிஞ்சிதான் கேக்குறியா?"

"நா ஒங்கள இதச் சொல்லு அதச் சொல்லுன்னு சொல்லல" என்றாள் ரோசலின். "ஆனா பக்கிரி பேர்ல எழுதிட்டா, இந்தச் சொவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு என்னால அரிசி களைய முடியாது. அவ்ளோதான்."

கிழங்கு அவித்து, தேங்காய் துருவிப் போட்டுச் சாப்பிட்டார்கள். சீதாலெட்சுமி கொடுத்த கிழங்கு நன்றாக மாவு பூத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்புரோஸ் வெள்ளைச் சட்டையும், மாதா கோயிலுக்குப் போடும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டான். டிரைவர் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். "விசாரண முடிஞ்சா வண்டிக்குப் போவேன். சாயங்காலம் வழக்கம்போல" என்றான். பக்கத்து வீட்டு வாசலில் சீதாலெட்சுமி நின்றிருந்தாள். "போய்ட்டு வாங்கண்ணே" என்றாள். அவன் தலை நிமிராமல் போனான்.

பகல் முழுக்க ரோசலினுக்குக் கை ஓடவில்லை. வீட்டை இரண்டு தடவை கூட்டினாள். காய்ந்த துணியை மறுபடி கொடியில் போட்டாள். சாயங்காலம் அரிசியைப் பானையிலிருந்து அளந்து சட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் களைந்தாள். உலை மட்டும் வைக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஊதல் வந்தது. செருமல், பிறகு தெளிந்த நீள ஊதல். அவன்தான், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே வண்டியில் ஏறிவிட்டான் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அதே கரகரத்த குரலில் இரண்டு குட்டை ஊதல் வந்தது. அது ரெங்கசாமி. தன் பெண்டாட்டிக்கு ஊதுகிறார்.

அப்படியானால் அம்புரோஸ் உள்ளதைச் சொல்லிவிட்டான், அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோசலின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வேலையும் வீடும் போன பயத்தோடு, கழுத்தில் இத்தனை நாள் தொங்கிய ஏதோ ஒன்று கழன்றதும் அவளுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் சந்து முனையில் தெரிந்தான். கையில் பெட்டி இல்லை. வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்தவன் உள்ளே வராமல் அடுத்த வாசலுக்குப் போனான். சீதாலெட்சுமி படியில் உட்கார்ந்து சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரோசலின் அடுப்படிச் சுவரோரம் வந்து நின்றாள்.

"வாங்கண்ணே. என்னா சொன்னாங்க?"

"தப்பு பக்கிரி மேல இல்லன்னு எழுதிட்டாங்க."

"மிஷினுன்னு எழுதிட்டாங்களா?"

"இல்ல. எம்பேரு எழுதியிருக்காங்க." நின்றவாக்கிலேயே சொன்னான். கயிறு, ஊதல், சிக்னல், மூடியது, சொல்லாதது எல்லாவற்றையும், ரோசலினிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னான். எங்கும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவோ எதையும் கூட்டிக் குறைக்கவோ இல்லை. "ஒனக்கு வேலையும் வீடும் குடுப்பாங்க. தம்புசாமி பாத்துக்குவாரு" என்று முடித்தான்.

சீதாலெட்சுமியின் கை நிற்கவில்லை. பின்னலை நுனிவரை பின்னினாள். ரிப்பனைக் கட்டினாள். மகளின் முதுகைத் தொட்டு உள்ளே போகச் சொன்னாள். பிறகு எழுந்து, சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"ஒம்போதுன்னு சொன்னீங்களேக்கா" என்றாள், சுவரைப் பார்த்து.

பிறகு அம்புரோஸ் பக்கம் திரும்பினாள். திட்டினால் தேவலை என்று அவன் நினைத்திருக்கலாம். அவள் திட்டவில்லை.

"அன்னைக்கி நீங்க வால இழுத்து இழுத்து ஊதுனது எனக்கும் கேட்டிச்சிண்ணே" என்றாள். "நானுந்தான் அதுக்கு ஒல வச்சேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.